உவர்க்கழியில் ஓடம்: சப்பேலோத் தீவை முன்வைத்துச் சில குறிப்புகள்

சிறுபடகுகளுக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயர்களுட் பல அவர்தம் மொழிகளுக்கு உரியனவல்ல. ‘கனூ’ கரிபியன் தீவுகளின் ஆதிக்குடிகளிடமிருந்தும், ‘கயாக்’ வடதுருவத்தை அண்டிவாழும் இனுயிற் மக்களிடமிருந்தும், ‘கற்றமரான்’ நமது கட்டுமரத்திலிருந்தும் பெறப்பட்டவை. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உரியனவாக இருந்த இவ்வோடங்கள் இன்று உல்லாசத்துக்குரியனவாகிவிட்டன. இம்மாற்றத்தில் மறைந்துபோனது யாது என்பதை, ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துச் சப்பேலோத் தீவைச் சூழ்ந்த உவர்க்கழிகளைக் கொண்டு ஆராய்வோம்.

ஜோர்ஜியாவின் கடற்கரை ஏறத்தாழ 160 கிலோமீற்றர் நீளமே உடையது. ஆயினும், அந்நாட்டின் அத்திலாந்திக்குக் கரையில் எஞ்சியுள்ள உவர்ச்சேற்று நிலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இங்கேயே உள்ளது. வற்றுப்பெருக்கின் வீச்சு இதற்கொரு முக்கிய காரணமாகும். யாழ்ப்பாணக் கடனீரேரியில் நீர் ஏறியிறங்கும் உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. சப்பேலோவிலோ அது 2 மீற்றர் அளவினது. அமாவாசை, பூரணை நாட்களில் மேலும் கூடும். பெருக்கு ஏறத்தாழ 12 மணித்தியாலம் 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருவதால், இன்று காலை 8 மணிக்கு நிறைந்த கழி நாளை 8.50 அளவில் நிறையும்.

நீர் இறங்குவதும் சீரானதன்று. வற்று தொடங்கிய முதல் மணித்தியாலத்தில் மொத்த வீச்சின் பன்னிரண்டிலொரு பங்கே குறையும்; மூன்றாம், நான்காம் மணித்தியாலங்களிலோ அதன் பாதி குறைந்துவிடும். புற்பரப்பின்மீது பரந்துநின்ற நீர் ஒடுங்கிய கழிக்குள் வந்து விழுவதால் ஓட்டமும் கடுமையாகும். எனவே கழியின் தலைப்பை நோக்கிச் செல்வோர், பெருக்கு நிறைவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னர் புறப்பட்டு, ஓட்டத்தோடு ஏறி, நீர் திரும்பியதும் தாமும் திரும்புவர். ஓடத்துக்கு ஒரு சாண் நீர் போதும் என்பது ஏமாற்றக்கூடிய வசதி. நேரந்தவறினால் அச்சாண் நீரும் இராது. இருமருங்கும் சேற்றுச் சுவர்கள், அவற்றின்மேல் ஆளுயரத்துக்கு வளர்ந்த ஸ்பார்ட்டினாப் புல், திசை தெரியாது. இறங்கி நடப்பதும் ஆகாது. சேறு தொடையளவு உள்வாங்கும்; சிப்பித்திட்டுகள் காலைக் கிழிக்கும். அகப்பட்டவர் அடுத்த பெருக்குவரை ஓடத்திலேயே அமர்ந்திருப்பதே அறிவுடைமை.

இவ்வாறு வற்றுக்கு அஞ்சுவது உல்லாசப் பயணியின் கணக்கு. உழைப்பவரின் கணக்கு இதற்கு நேர்மாறானது. ஜோர்ஜியாவின் சிப்பிகள் பெரும்பாலும் பெருக்கு மட்டத்துக்கும் வற்று மட்டத்துக்கும் இடைப்பட்ட கரையில் வளர்பவை. வற்றிலேதான் அவற்றைப் பறிக்கலாம். இறங்கும் நீரோடு சென்று, தட்டையடிப் படகைச் சேற்றில் அமரவிட்டு, சிப்பியை ஏற்றி, ஏறும் நீர் படகைத் தூக்கும்போது மீள்வது அத்தொழிலுக்கு இயல்பான முறை. மற்றவர் விபத்தெனக் கருதுவது இவர்களுக்கு வேலைநேரம். சப்பேலோவில் 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட சிப்பியோட்டு வளையங்கள் உள்ளன. ஆதிக்குடிகளுக்குப் பின்னர் இக்கழிகளை அறிந்தோர், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களான கல்லா-கீச்சி மக்களாவர்.

விஞ்ஞானம் இங்கு வந்தது 1953 இல். அவ்வாண்டு, தீவின் பெரும்பகுதியை உடைமையாகக் கொண்டிருந்த புகையிலைச் செல்வர் ஒருவரின் ஆதரவுடன் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகம் கடலாய்வு நிலையமொன்றை நிறுவியது. அதன் தோற்றத்துக்கு உழைத்தவர் சூழலியலறிஞர் இயூஜின் ஓடம் (இப்பெயர் தமிழ்ச்செவியில் ஒலிப்பது தற்செயலே). இச்சேற்றுநில உற்பத்தியில் ஏறத்தாழ 45 சதவீதம் வற்றுநீரோடு வெளியேறிக் கழிமுகத்து உயிர்களுக்கு உணவாகிறது என 1962 இல் ஜோன் ரீல் கணித்தார். இம்முடிவு எல்லாச் சேற்றுநிலங்களுக்கும் பொருந்தாதெனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆயினும் 1968 இல் பொசுபேற்று அகழும் திட்டமொன்று எழுந்தபோது, அதனை எதிர்த்தோருக்கு இத்தகைய ஆய்வுகளே துணைநின்றன. 1970 இல் சேற்றுநிலப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது.

புல்லுக்கும் சேற்றுக்கும் கிடைத்த இப்பாதுகாப்பு, அவற்றை நெடுங்காலம் அறிந்திருந்த மனிதருக்குக் கிடைத்ததா என நாம் கேட்கவேண்டும். ஆய்வுநிலையத்தை ஆதரித்த அதே செல்வரின் காலத்திலேயே, தீவின் பல குடியிருப்புகளிலிருந்த கறுப்பின மக்கள் ஹொக் ஹமொக் என்னும் ஒரே ஊருக்குள் ஒதுக்கப்பட்டனர். 2023 செப்ரெம்பரில் மக்கின்ரோஷ் மாவட்ட நிருவாகம் அவ்வூரில் கட்டத்தக்க வீட்டின் பரப்பெல்லையை 1,400 சதுர அடியிலிருந்து 3,000 ஆக உயர்த்தியது. பெருவீடுகள் எழுந்தால் நிலவரி உயர்ந்து, தாம் காணிகளை விற்றுப் போகநேரும் என அஞ்சிய ஊரவர் வழக்குத் தொடுத்தனர்.