மஞ்சள் நதிக்கரைத் தாய்ச்சி – 12: மெழுகு மரத்துக் கழி

சென்ற இதழை நேர்வாளோடு நிறுத்தியிருந்தோம். சென் குடும்பத் தாய்ச்சியில் வெறுங்கைப் பயிற்சி ஊறிய பிறகே ஆயுதம் என்பது தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் பழங்காலச் சீனத் தளபதி குவான் யூவின் பெருவாள் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன்னால் ஒரு கழி குறுக்கே வந்துவிட்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

வெறும் மரக்கழிதான். கூர்முனை கிடையாது, குஞ்சம் கிடையாது. நீளம் 3 மீட்டர்; சிலர் 4 மீட்டர் வரை வைத்திருப்பார்கள். அடிப்பக்கம் உள்ளங்கை நிறையப் பருத்திருக்கும், நுனிக்குப் போகப் போக மெலியும். சீனத்தில் 'தா கான்', அதாவது பெருங்கழி என்கிறார்கள். ஈட்டியின் உடம்பு இது. ஈட்டியில் தேற நினைப்பவர் ஆண்டுக்கணக்கில் இதோடுதான் பழக வேண்டும்.

கழிக்கு எந்த மரமும் ஆகாது. வெண்மெழுகு மரம்தான் வேண்டும். தாவரவியலில் ஃப்ராக்ஸினஸ் சைனென்சிஸ்; நம் மல்லிகையும் பவளமல்லியும் இருக்கிற அதே குடும்பம். ஹெனான், ஷான்டோங் சமவெளிகளில் இதைக் கழிக்கென்றே வளர்க்கிறார்கள். மரத்தின் தலையை வெட்டிவிடுவார்கள். வெட்டிய இடத்திலிருந்து கிளம்பும் போத்துகள் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு செங்குத்தாக உயரும். சில ஆண்டுகள் கழித்து ஒரு போத்தை வெட்டினால் அதுவே ஒரு கழி. பட்டையை உரித்து, சூடுகாட்டி நிமிர்த்தி, வழவழப்பாக்கி எடுத்துவிடுவார்கள். பெரிய மரத்தை அறுத்து அதிலிருந்து கழி கடைவதில்லை.

காரணம் இருக்கிறது. அறுத்த மரத்தில் நார் எங்கோ ஓரிடத்தில் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். வளைக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். ஈட்டித்தண்டுக்கு மரத்தைப் பிளந்து எடுப்பதே நல்லது, அறுத்தால் உடையும் என்று மிங் காலப் போர்நூல்களே எச்சரிக்கின்றன. முழுப் போத்தில் அடிமுதல் நுனிவரை நார் அறுபடாமல் ஓடுகிறது. அதனால்தான் வில்லாக வளைத்தாலும் கழி உதறிக்கொண்டு நேராகிறது.

இந்த மரத்தில் மெழுகும் எடுக்கிறார்கள். அதைப் படிக்கத் தொடங்கியதில்தான் என் வாரம் முழுக்கக் கழிந்தது. வாசகர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மெழுகைச் சுரப்பது மரத்தில் வாழும் ஒரு செதில்பூச்சி. எரிசெரஸ் பேலா என்று பெயர். சிச்சுவான் மாகாணத்தின் தெற்கே, ஜியான்சாங் பள்ளத்தாக்கில், வேறொரு மரத்தின் கிளைகளில் பெண்பூச்சி பழுப்பு உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே முழுக்க முட்டை. பூச்சி நன்றாகப் பெருகுவது அங்கே. மெழுகு நன்றாகக் கிடைப்பதோ வடக்கே, எமெய் மலையை ஒட்டிய ஜியாடிங் பகுதியில், வெண்மெழுகு மரத்தில். இரண்டுக்கும் நடுவே மலைகள். எனவே ஆண்டுதோறும் கோடை தொடங்கும் நேரத்தில், ஆயிரக்கணக்கான சுமைகூலிகள் அந்த உருண்டைகளைச் சுமந்துகொண்டு மலை தாண்டினார்கள். நடப்பது இரவில். பகல் வெயில் பட்டால் முட்டைகள் வழியிலேயே பொரிந்துவிடும்.

1880களில் அலெக்சாண்டர் ஹோசி என்ற பிரிட்டிஷ் தூதரக அதிகாரி அந்த வழியில் பயணம் செய்து இதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். காகிதப் பொட்டலங்களாகக் கட்டிய சுமை. ஒரு ஆளுக்கு சுமார் 60 பொட்டலம். தங்குமிடம் வந்ததும் ஆள் தான் படுப்பதற்கு முன் பொட்டலங்களைப் பிரித்துக் குளிர்ச்சியான இடத்தில் வைப்பார். ஜியாடிங் போய்ச் சேர்ந்ததும் உருண்டைகளை இருபது முப்பதாக ஓர் இலையில் பொதிந்து, வைக்கோலால் கட்டி, மரக்கிளையில் தொங்கவிடுவார்கள். பொரித்து வரும் பூச்சிகள் முதலில் இலைகளுக்கு ஏறி, பிறகு கிளைக்கு இறங்கும். மெழுகு சுரப்பவை ஆண்பூச்சிகள்தாம். சுமார் 100 நாளில் கிளைகள் வெள்ளைப் பூச்சு ஏறி நிற்கும். சுரண்டி எடுத்துக் கொதிநீரில் இட்டால் மெழுகு உருகி மேலே மிதக்கும். மெழுகுவத்திக்கு மேல்பூச்சாகவும் மாத்திரைக்கு உறையாகவும் அது பயன்பட்டது. ஒரே மரம் சிச்சுவானில் விளக்குக்கு மெழுகு கொடுத்திருக்கிறது, ஹெனானில் வீரனுக்குக் கழி கொடுத்திருக்கிறது. எனக்கு இந்த வாரம் இதைவிடப் பெரிய மகிழ்ச்சி வேறில்லை.

சரி, கழியைக் கையில் எடுப்போம்.

அடிப்படை அசைவு மூன்றுதான்: லான், நா, ஜா. இடது கை முன்னால். வலது கை கழியின் அடிமுனையைப் பிடித்து இடுப்போடு ஒட்டியிருக்கும். எதிராளியின் ஈட்டியை இடப்புறமாக வட்டமிட்டு விலக்குவது லான். வலப்புறமாகச் சுற்றி அமுக்குவது நா. நேராகக் குத்துவது ஜா. முன்கை ஒரு வளையம் மாதிரி. அதற்குள் கழி சுழலும், வழுக்கும். கழியைத் திருப்புவது பின்கை. பின்கையைத் திருப்புவது இடுப்பு. இடுப்பைத் திருப்புவது தரையை உந்தும் பின்கால். தாய்ச்சியின் முதல் தொடரில் பட்டுநூல் சுழற்சி என்று பொறுமையாகப் பழகியதெல்லாம் இதற்குள் அப்படியே இருக்கிறது.

ஹெனானின் வென் மாவட்டத்தில், மஞ்சள் நதிக்கு வடக்கே இருக்கும் சென்ஜியாகோவ் கிராமம்தான் இந்தக் கலையின் பிறப்பிடம். அங்கே ஒரு முற்றத்தில் கண்ட காட்சியைச் சொல்கிறேன். தோள் அகன்ற இளைஞன் ஒருவன் 'ஜா' பழகிக்கொண்டிருந்தான். குத்தும்போதெல்லாம் கழியின் நடுப்பகுதி தொய்ந்து ஆடியது. நுனி உயிரில்லாமல் கிடந்தது. வயதான ஆசான் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

"ஷிஃபு, வலு போதவில்லையா?" என்றான் அவன்.

"வலு நிறைய இருக்கிறது. எல்லாம் தோளில் நிற்கிறது. கீழே இறக்கு" என்றார்.

அருகில் வந்து அவன் தோள்மேல் உள்ளங்கையை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். அடுத்த குத்தில் தோள் எழும்பியது. கை நகரவில்லை. அதற்கடுத்ததிலும் எழும்பியது. வெகுநேரத்துக்குப் பிறகு ஒரு குத்தில் தோள் அந்த உள்ளங்கைக்கு அடியில் அசையாமல் இருந்தது; பின்கால் தரையில் திருகியது. கழியில் ஓர் அதிர்வு ஓடி நுனியில் போய் 'விர்' என்று முடிந்தது. ஆசான் கையை எடுத்துக்கொண்டு அடுத்த மாணவனிடம் போய்விட்டார்.

வெறுங்கையில் தோள்வலுவை மறைத்துவிடலாம். அசைவு அழகாக இருந்தால் பார்க்கிறவரும் பாராட்டிவிடுவார், செய்கிறவரும் நம்பிவிடுவார். கழி நம்பாது. உள்ளங்காலில் பிறந்த விசை வழியில் எந்த மூட்டில் சிக்கினாலும் நுனி செத்துப்போகும். உள்வலி என்று பெரிய வார்த்தையாகச் சொல்லப்படுவதைக் கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் உதவும் எளிய கருவி இது ஒன்றுதான் என்பது என் உறுதியான எண்ணம். சென் ஃபாகே 1928இல் பெய்ஜிங் போய், கிராமத்துக்குள் இருந்த கலையை வெளியாருக்குக் கற்றுக்கொடுத்தவர். அவர் நாள்தோறும் முந்நூறு முறை கழியை உதறிப் பழகினார் என்று அவர் வழிவந்த மாணவர்கள் சொல்வது வழக்கம்.

இனி லான், நா போடும் வட்டத்தின் அளவு. இதற்கு 16ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். கடற்கொள்ளையரை விரட்டிய தளபதி ச்சி ஜிகுவாங், படைப்பயிற்சி பற்றி 1560 வாக்கில் 'ஜிஷியாவ் ஷின்ஷூ' என்ற நூலை எழுதினார். அதிலுள்ள 32 கைப்போர் நிலைகளில் 29 சென் குடும்பத் தொடர்களில் இருப்பதாக வரலாற்றாய்வாளர் டாங் ஹாவ் எடுத்துக்காட்டினார். சென் குடும்ப ஈட்டித் தொடரின் பெயரில் வரும் 'பேரிப்பூ ஈட்டி'யும் அந்த நூலில் புகழப்படுவதுதான். ஆகவே ச்சி சொல்வது நம் கதைக்கு வெளியாள் சொல்வதாகாது.

டாங் ஷூன்ஜி என்ற அறிஞர் ஆற்றங்கரை மாடம் ஒன்றில் தானே ஈட்டியைப் பிடித்து ச்சிக்குக் கற்றுக்கொடுத்தார். அரசுத் தேர்வில் முதலிடம் பெற்ற புலவர் அவர், ஈட்டியிலும் கைதேர்ந்தவர். ச்சிக்கு ஒரு சந்தேகம். மற்றவர்கள் ஈட்டியைச் சுழற்றினால் வட்டம் ஐந்தடி அகலம் வருகிறது; உங்களுக்கு மட்டும் ஏன் ஓரடி என்று கேட்டார். பக்கவாட்டில் நிற்கும் மனித உடம்பின் அகலம் ஏழெட்டு அங்குலம்தான், எதிரியின் ஈட்டியை ஓரடி விலக்கினால் போதும், அதற்குமேல் சுழற்றினால் நம் வலுதான் வீண் என்பது பதில். இந்தச் சின்ன வட்டம் கைவர எவ்வளவு உழைப்பு என்று ச்சி மறுபடி கேட்டார். பத்தாண்டு என்றார் டாங்.

வட்டத்தை ஐந்தடியிலிருந்து ஓரடிக்குக் கொண்டுவரப் பத்தாண்டு. தாய்ச்சி கற்பவர் யாராக இருந்தாலும் இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். முதலில் பெரிய வட்டம், பிறகு சின்ன வட்டம், கடைசியில் வெளியே தெரியாத வட்டம் என்று தாய்ச்சி ஆசான்கள் சொல்லும் பாடமும் இதுவேதான். இன்னொரு உள்வலிக் கலையான ஷிங்யீ பிறந்ததே ஈட்டியிலிருந்து என்பது அந்த மரபின் நம்பிக்கை. ஷான்ஷியைச் சேர்ந்த ஜி ஜிகே ஈட்டியில் வல்லவர். ஈட்டியின் நெறியையே வெறுங்கைக்கு மாற்றினார் என்கிறார்கள். அங்கே கழி வெறுங்கைக்குத் தாய்; இங்கே வெறுங்கைக்குத் தேர்வாளர்.

பெருவாளுக்கு இனி இடமில்லை. குவான் யூவின் பெயரோடு சேர்ந்த அந்தக் கனத்த ஆயுதமும், அதைத் தூக்கச் சென் குடும்பம் வகுத்த 30 அசைவுத் தொடரும் அடுத்த வாரம் வரும். கழியை இந்த வாரமே சொன்னதில் ஒரு நன்மையும் இருக்கிறது. கழியில் இடுப்பு பழகாதவர் பெருவாளை எடுத்தால் முதுகு தாங்காது.

தாய்ச்சி கற்றுக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் தொடர் ஓரளவு கைவந்த பிறகு, உங்கள் ஆசானிடம் நீங்களே கழியைக் கேளுங்கள். மெதுவான அசைவோடு பல வகுப்புகள் நின்றுவிடுகின்றன, கேட்டால்தான் கிடைக்கும். 3 மீட்டர் முதலில் பெரிதாகத் தெரிந்தால், தலைக்கு மேல் ஒரு முழம் உயர்ந்த கழியிலிருந்து தொடங்கலாம். வாங்கும்போது கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். பெரிய முடிச்சு இருந்தால் வேண்டாம். அடி பருத்து நுனி மெலிந்து இயல்பாக வளர்ந்திருக்க வேண்டும். ஒரே பருமனாகக் கடைந்த உருளையை வாங்காதீர்கள், அதில் நார் அறுபட்டிருக்கும். வீட்டில் சுவரில் சாய்த்து வைக்கவும் கூடாது, நாளடைவில் வளைந்துவிடும். செங்குத்தாகத் தொங்கவிடுங்கள், அல்லது தரையில் நீட்டிப் படுக்க வையுங்கள்.