கோடை மலர்களும் அவற்றின் பெயர்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வீட்டு முற்றங்களிலே கோடையிற் பூப்பவை எவை என்ற வினா தாவரவியலாளருக்கு மட்டும் உரியதன்று. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் பல மாதங்கள் நிலம் வரண்டு கிடக்கும். ஆறில்லாத அப்பிரதேசத்திலே சுண்ணக்கற் பாறையிடைத் தேங்கிய கிணற்று நீரே தஞ்சம். அந்நீரும் முதலிற் புகையிலைக்கும் வெங்காயத்துக்குமே செல்லும். எனவே, முற்றத்துச் செடி சிறிதளவு நீரிலே பூக்கவல்லதாயிருத்தல் வேண்டும். (கிணற்றடி வாழைக்கு மட்டும் இக்கட்டுப்பாடு இல்லை.)

அலரியின் இலைத்துளைகள் மயிரடர்ந்த குழிகளுள் அமைந்திருப்பதால் நீரிழப்புக் குறைகின்றது. செவ்வரத்தை ஓரளவு நீர் கேட்கும். அதன் பூ ஒரு நாளே நிற்பினும் நாடோறும் புதியது அலரும். போகன்விலாவின் இயல்போ வேறு. நீர் குறைந்து இலைவளர்ச்சி தளரும்போதே அது மிகுதியாகப் பூக்கும். அன்பு மேலிட்டு நாடோறும் நீரூற்றுவோர் இலையையே காண்பர். நாம் பூவெனக் கொள்ளும் வண்ணப் பகுதியும் உண்மையிற் பூவடியிலையே. நடுவிலுள்ள சிறு வெண்குழலே பூவாகும்.

குறிஞ்சிப்பாட்டுத் தொகுத்துரைக்கும் 99 மலர்களுள் போகன்விலாவும் பட்டிப்பூவும் இடம்பெற்றிருத்தல் இயலாது. முன்னையது தென்னமெரிக்காவுக்கும் பின்னையது மடகஸ்காருக்கும் உரியது. இவை உலகெங்கும் பரவிய வரலாறு ஐரோப்பியக் கடலாதிக்கத்தின் வரலாற்றோடு பிணைந்ததாகும்.

நித்தியகல்யாணி எனவும் வழங்கும் பட்டிப்பூவின் இலையை யமெய்க்கா மக்கள் நீரிழிவுக்குக் காய்ச்சிக் குடித்தனர். அவ்விலையைக் கனடாவில் ஆராய்ந்தோர் 1950களிலே புற்றுநோயைத் தடுக்கும் வின்பிளாஸ்ரினைக் கண்டனர். அமெரிக்க மருந்து நிறுவனமொன்றின் ஆய்விலே பின்னர் வின்கிறிஸ்ரினும் வெளிப்பட்டது. குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இதன் பயன் பெரிது. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயின் செடியின் தாயகம் அவ்விலாபத்திற் பங்கு பெறவில்லை.

போகன்விலாவின் பெயரிலும் இவ்வகை மறைப்பொன்று உண்டு. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிய பிரெஞ்சுக் கப்பற்பயணத்தின் தலைவர் பூகன்வில். பிறேசிலிலே செடியைச் சேகரித்தவர் கொமெர்சோன் என்ற தாவரவியலாளர் என்பர். அவருக்கு உதவியாளாக ஆணுடை தரித்துச் சென்றவர் ஜேன் பாரே என்னும் உழவர் குடும்பத்துப் பெண். கொமெர்சோன் கால் நோயால் வருந்தியமையால், செடியைப் பறித்தவர் பாரேயாகவே இருக்கக்கூடுமெனச் சில ஆய்வாளர் கருதுவர். செடிக்கோ தளபதியின் பெயரே வாய்த்தது. பாரேயின் பெயர் ஒரு தாவர இனத்துக்கு நிலைபெற்றது 2012ஆம் ஆண்டிலேயே. அதுவும் கத்தரிக் குடும்பத்துக் கொடியொன்றுக்கு.