கருப்பட்டியும் குடலுக்கு இனிப்புதான்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன, பனை நின்றது. அதற்குப் பிறகு பனை மேல நமக்கு மரியாதை கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் கூடவே ஒரு பேச்சும் ஓடுது: “வெள்ளைச் சர்க்கரைதாங்க கெடுதல். கருப்பட்டி எவ்வளவு சாப்பிட்டாலும் ஒண்ணும் பண்ணாது.” உடம்பு இனிப்பை எப்படி உணருதுன்னு பார்த்தால் இதில் எவ்வளவு உண்மைன்னு தெரியும்.

நாக்கு மட்டும் இல்லை

நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியை 2001-ல் கண்டுபிடித்தார்கள். அதே ஏற்பி குடலிலும் இருப்பது பிறகு தெரிந்தது. சர்க்கரை வந்ததும் குடல் சில ஹார்மோன்களைச் சுரக்கும். அவை இன்சுலின் சுரக்கச் சொல்லிக் கணையத்தைத் தூண்டும். ‘போதும்’ என்று மூளைக்கும் சொல்லும்.

‘இன்னும் வேணும்’ என்று கேட்க வைப்பதும் குடல்தான். குடலில் குளுக்கோஸ் பட்டதும் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போய் ஆசை வளர்வதை, 2020-ல் வெளியான எலி ஆய்வு காட்டியது. செயற்கை இனிப்புக்கு அந்தச் சேதி போகவில்லை. நாக்கை ஏமாற்றலாம், குடலை ஏமாற்ற முடியாது. உடல் எடையைக் குறைக்கச் செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது.

கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையிலும் அதேதான். தாதுச்சத்து கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். ரசாயனம் போடாமல் விளைந்ததா என்று குடல் கேட்காது.

சோற்றுக்கும் இதே கணக்கு

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் சங்கிலி. பளபளன்னு தீட்டிய அரிசி சீக்கிரம் உடைந்து, குடலின் மேல்பகுதியிலேயே ரத்தத்தில் ஏறிவிடும். தவிடு நீக்காத அரிசியோடு பயறு, கீரை சேர்த்துச் சாப்பிட்டால் செரிமானம் நிதானமாக நடக்கும். கொஞ்சம் கீழ்க்குடல் வரை போகும். ‘போதும்’ என்று சொல்லும் செல்கள் அங்கேதான் அதிகம். நெல் ஜெயராமன் ஐயா மீட்டுக் கொடுத்த ரகமாகவே இருக்கட்டும், தவிட்டை முழுசா எடுத்துட்டா பலனில் பாதி மில்லிலேயே போயிடும்.

தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. சேர்க்கும் இனிப்பு நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. அது ஆறு டீஸ்பூன். மூணு டீயிலேயே முடிஞ்சிடும்.

பனையை நடுவோம், கருப்பட்டியும் காய்ச்சுவோம். ஆனால் ‘சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது’ என்று பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டாம். நம்மகிட்ட வாங்குறவங்க நம்மை நம்பித்தான் வாங்குறாங்க.