பழைய மெத்தை நாற்காலி வாங்குகிறவர்களுக்கு

உட்காருவதற்கு நம் முன்னோர்கள் நாற்காலியை நம்பி இருந்ததில்லை. திண்ணையும், ஊஞ்சற்பலகையும், கோரைப்பாயும், மணையும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. சாய்ந்துகொள்ளத் தூண் இருந்தது. பிரபுக்களுக்குத் திண்டு இருந்தது. முதுகும் கைப்பிடியும் மெத்தையும் சேர்த்துத் தைத்த ஆசனம் கப்பலேறி வந்த வஸ்து. வந்தது தங்கிவிட்டது; இப்போது தாத்தா காலத்துச் சாமான் என்ற மதிப்பையும் பெற்றுவிட்டது. புது வீடு கட்டிக் குடியேறுகிறவர்களில் பலருக்குக் கூடத்தில் ஒரு பழைய மெத்தை நாற்காலி போட வேண்டும் என்ற ஆசை தோன்றியிருக்கிறது. ஆசையில் குற்றமில்லை. ஆனால் பழைய நாற்காலி வாங்குவது பழைய புஸ்தகம் வாங்குவதைப் போன்றதன்று. புஸ்தகத்தைப் பிரித்துப் பார்த்து வாங்கலாம். நாற்காலியின் முக்கியமான பாகமோ துணிக்குள் மறைந்திருக்கிறது.

இத்தகைய சாமான்களைத் தேடி அலைகிறவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவை அறிவார்கள். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, இத்தாலியச் சலவைக்கல் பரப்பி, சீமையிலிருந்து மேஜை நாற்காலிகளைத் தருவித்து மாளிகை கட்டியவர்கள் நகரத்தார். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும், 1960-களில் அங்கே வியாபாரங்கள் தேசியமயமாக்கப்பட்டதும் அந்தச் செல்வத்தின் வேரை அறுத்தன. பங்காளிகள் பெருகினர்; குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன; பெரிய வீடுகள் சில இடிக்கப்பட்டன. அங்கிருந்த எனாமல் பாத்திரமும், கண்ணாடி விளக்கும், செதுக்கிய நிலைக்கதவும், நாற்காலியும் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் நடுவே சென்ற வருஷம் பிறந்த நாற்காலிகளும் முதுமை வேஷம் போட்டுக்கொண்டு நிற்பதுண்டு. கடைக்காரருக்கு எல்லாம் நூறு வருஷத்துச் சாமான்தான்!

கடைக்குள் நுழைந்ததும் வெல்வெட்டையும் பாலிஷையும் பார்த்து மயங்கிவிடாமல், நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டும்படி கேளுங்கள். அடியில் தைத்திருக்கும் துணியின் ஓரத்தைச் சிறிது விலக்கினால் அதன் ஜாதகம் முழுவதும் தெரியும். முறையாகச் செய்த பழைய மெத்தையில் முதலில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சணல் நாடா. அதன்மேல் சுருள்வில்கள், ஒவ்வொன்றும் பல திக்குகளிலும் கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டவை. அதன்மேல் சாக்குத் துணி. பிறகு குதிரை மயிரோ, தேங்காய் நாரோ, பஞ்சோ. எல்லாவற்றுக்கும் மேலே நாம் காணும் துணி. இந்தச் சணலின் கதை வேடிக்கையானது. வங்காளத்துச் சணல் ஸ்காட்லாந்திலுள்ள டண்டீ நகரத்து ஆலைகளுக்குப் போய்த் துணியாக மாறிற்று. 1855-இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை ஏற்பட்ட பிறகுதான் இங்கேயே யந்திரத்தில் நூற்கும் வழக்கம் வந்தது. சீமை நாற்காலி என்று நாம் பெருமைப்பட்டவற்றுள் எத்தனையோ நாற்காலிகளின் வயிற்றுக்குள் இருந்தது நம் நாட்டுச் சணல்தான்.

நாடா தளர்ந்திருக்கலாம், கயிறு அறுந்திருக்கலாம். அவை குற்றமல்ல, வயதின் அடையாளம். கவனிக்க வேண்டியவை வேறு. மெத்தைக்குள் நுரை இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர்ப் பாலிலிருந்து செய்யும் நுரை 1930-ஐ ஒட்டித்தான் வழக்கத்துக்கு வந்தது. இப்போது எங்கும் காணும் செயற்கை நுரை 1950-களுக்குப் பிறகு பரவியது. பழங்காலத்தில் துணியைச் சிற்றாணிகளால் அடித்தார்கள். கம்பித் தைப்பு பின்னால் வந்தது. தலையில் சிலுவைப் பள்ளமுள்ள திருகாணிக்கு அமெரிக்காவில் பிலிப்ஸ் என்பவர் உரிமை பெற்றது 1936-இல். ஆகையால் விக்டோரியா ராணி காலத்து நாற்காலி என்று சொல்லப்படுவதில் இந்தத் திருகாணி இருந்தால், ஒன்று பிற்காலத்தில் பழுது பார்த்திருக்க வேண்டும், அல்லது நாற்காலியே பிற்காலத்தது. பழுது பார்த்தது என்றால் பாதகமில்லை. விலை பேசும்போது அதைச் சொல்லிப் பேசலாம்.

மெத்தை எப்படியும் மாறப்போவது. மாறாதது சட்டம். நீங்கள் பணம் கொடுப்பது அதற்குத்தான். கைப்பிடிகள் இரண்டையும் பற்றி முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு மரத்தின் நாக்கை இன்னொன்றின் துளையில் இறுக்கிச் செருகிய மூட்டு நல்ல மூட்டு. அதில் வஜ்ஜிரப் பசை விட்டுப்போய் ஆடினால் தச்சர் பிரித்து மறுபடி ஒட்டிவிடுவார். மூட்டைச் சேர்க்கத் தெரியாமல் யாரோ இரும்புப் பட்டையும் நீள ஆணியும் அறைந்து வைத்திருந்தால், மரம் உள்ளே பிளந்திருக்கும். அதை விட்டுவிடுங்கள். ஆடும் நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

சீமைச் சாமான் என்றால் உயர்வு என்று அதிக விலை கொடுப்பவர்கள் ஒரு சங்கதியை யோசிப்பதில்லை. ஐரோப்பாவில் செய்த மெத்தை நாற்காலிகளில் வெளியே தெரியும் கால்கள் மகாகனி மரமாக இருக்கும். துணிக்குள் மறையும் சட்டம் பெரும்பாலும் பீச் என்ற மரத்தால் ஆனது. வண்டு அரிப்பதற்கு அந்த மரம் மிகவும் உகந்தது. நம் ஊர்த் தச்சர்களோ தேக்கிலும் ஈட்டியிலும் செய்தார்கள். இவற்றின் வைரம் பாய்ந்த பாகத்தைக் கறையான் எளிதில் தொடாது. வெளிறிய ஓரப் பாகத்தைத்தான் தின்னும். நம் கண்ணுக்குச் சாதாரணமாகத் தோன்றும் உள்ளூர் வேலைப்பாடு, இந்த நாட்டுச் சீதோஷ்ணத்தில், சீமைச் சரக்கைவிட நீடித்து நிற்கக் காரணம் இதுதான். எந்த மரமானாலும் ஊசி முனையளவு துளைகள் இருக்கின்றனவா என்று கால்களின் உட்புறத்தைப் பாருங்கள். வெறும் துளை பழைய கதை. துளையிலிருந்து புதிதாக மாவு உதிர்ந்தால் உளு உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். நாற்காலியின் அடியில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு நாள் வைத்திருக்கும்படி கடைக்காரரிடம் சொல்லலாம். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

இனி, அதில் உட்காரப்போவது யார் என்ற கேள்வி. பல குடும்பங்களில் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். இரு பக்கமும் காது வைத்தாற்போல் உயர்ந்த முதுகுள்ள நாற்காலியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் தோன்றியது. கணப்பின் முன் அமர்ந்தவர் மேல் குளிர்காற்று படாமல் தடுத்து, நெருப்பின் சூட்டைத் தேக்கி வைப்பதற்காகவே அந்தக் காதுகள். சித்திரை மாதத்துத் திருச்சிராப்பள்ளியில் அதே காதுகள் மின்விசிறிக் காற்றைத் தடுத்து, வேர்வையைத் தேக்கி வைக்கும்! ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு உள்ளவர்கள் தாராளமாக வாங்கட்டும்.

வீட்டில் வயதான தகப்பனாருக்கோ பாட்டிக்கோ என்று வாங்கினால், அழகைக் காட்டிலும் உயரம் முக்கியம். பழைய நாற்காலிகளில் சில மிகவும் தாழ்வானவை. வில்கள் தளர்ந்தவை இன்னும் தாழும். அதில் இறங்கிய முதியவர் முழங்கால் வலியோடு எழுந்திருக்கப் படும் பாட்டைப் பார்த்தால் நாற்காலியின் பழமையில் உள்ள மோகம் தீர்ந்துவிடும். ஆகையால் கடைக்குப் போகுமுன், உட்காரப்போகிறவரின் முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். அநேகருக்கு 16 முதல் 18 அங்குலம் வரும். ஆள் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகு அந்த உயரம் இருக்க வேண்டும். பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும். முதுகு சாய்ந்திருக்கும்போது மெத்தையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி முன்பக்கம் வரை நீண்டிருந்தால் ஊன்றி எழலாம். கூடுமானால் அவரையே கடைக்கு அழைத்துச் சென்று, மூன்று தடவை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

என் அபிப்பிராயத்தில் நம் நாட்டுக்கு ஏற்ற பழைய மாதிரி ஒன்று உண்டு. 1866-ஐ ஒட்டி லண்டனில் வில்லியம் மாரிஸின் கம்பெனியார் விற்கத் தொடங்கிய நாற்காலி அது. முதுகைச் சாய்த்து நிமிர்த்திக்கொள்ளலாம். பக்கங்கள் அடைபடாமல் திறந்திருக்கும். மெத்தைகளைத் தனியே எடுத்து வெயிலில் போடலாம். அதைப் பார்த்துப் பலர் பல தேசங்களில் செய்தார்கள். அந்த வகையோ, பிரம்பு பின்னிய உள்ளூர்ச் சாய்வு நாற்காலியில் தனி மெத்தை போட்டதோ கிடைத்தால், தைத்து மூடிய நாற்காலியைவிட அதையே எடுங்கள். மூட்டைப்பூச்சிக்குத் தைத்த மெத்தையைப் போன்ற கோட்டை வேறில்லை என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் உறை பூஞ்சணம் பூக்கும். கம்பளி வெல்வெட்டில் அந்து விழும். கரூரிலும் கண்ணூரிலும் நெய்யும் கெட்டியான பருத்தித் துணி இருக்கும்போது அவை எதற்கு? உறையைக் கழற்றித் துவைக்கும்படியாகத் தைத்துவிட்டால் குழந்தைகள் காபி கொட்டினாலும் வீட்டில் சண்டை வராது.

விலையை முடிவு செய்யுமுன் மெத்தை போடுகிறவரிடம் கூலி, நாடா, பஞ்சு, துணி எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்டுவிடுங்கள். அது சில சமயம் நாற்காலியின் விலையையே எட்டிவிடும். வாசற்படியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். வேலையைக் கொடுக்கும்போது பழைய உறையைக் கிழித்தெறியாமல் தையல் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். புதுத் துணியை வெட்டுவதற்கு அதைவிடச் சரியான அளவு கிடையாது. பழைய சுருள்வில்கள் துருவேறாமல் இருந்தால் அவற்றையே மறுபடி கட்டச் சொல்லுங்கள். கட்டி முடித்ததும், துணி போர்த்துமுன், ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.