மருந்தும் மறதியும்

வகுப்பறையிலே ஒரு சிறுவன் இருக்கிறான். சென்ற ஆண்டுவரை அடிக்கடி வலிப்புக் கண்டு வீழ்ந்தவன். வைத்தியர் கொடுத்த குளிசையின் பயனாக இவ்வாண்டு ஒருமுறையேனும் வீழ்ந்ததில்லை. பெற்றோர் மகிழ்ந்தனர். ஆயினும், முன்பு விரைந்து வாய்பாடு ஒப்புவித்தவன் இப்பொழுது தயங்கித் தயங்கி விடை கூறுகிறான். நன்கு தெரிந்த பெயரும் நாவிற்கு வர மறுக்கிறது. ஆசிரியர் அவனைச் சோம்பேறி என்கிறார். வீட்டார் கவனமில்லாதவன் என்கின்றனர். அவனோ தன் குற்றம் யாதென அறியாது தலைகுனிகிறான்.

இத்தகைய மந்தத்துக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். வலிப்பை உண்டாக்கிய மூளைப் பழுதே நினைவையும் தாக்கியிருக்கலாம். புறத்தே தெரியாத சிறு வலிப்புகள் சில விநாடிகளுக்கு உணர்வை மறைத்துப் பாடத்தின் தொடர்பை அறுக்கலாம். மூன்றாவது காரணம், நோயைத் தடுக்கும் மருந்தேயாகும்.

மூளையின் நரம்புக் கலங்கள் நுண்ணிய மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. அவற்றுட் பல, அளவு கடந்து ஒரே வேளையில் துடிக்கும்போது வலிப்பு உண்டாகிறது. மருந்து அத்துடிப்பை அடக்குகிறது. ஆனால், கவனித்தலும் நினைத்தலும் சொல்லைத் தேடியெடுத்தலும் நரம்புக் கலங்களின் தொழில்களே. ஆகவே, கடிவாளம் மிக இறுகினால் மிகையான துடிப்போடு வேண்டிய விரைவும் குறைந்துவிடுகிறது.

இது புதிதாகக் கண்ட உண்மையன்று. 1857ஆம் ஆண்டு, விக்டோரியா மகாராணியின் வைத்தியருள் ஒருவரான சாள்ஸ் லொகொக், புரோமைட்டு உப்பு வலிப்பைத் தடுப்பதை எடுத்துரைத்தார். அதனை உண்டோர் பலர் உறக்கத்திலும் மந்தத்திலும் ஆழ்ந்தனர். 1912இல் ஜேர்மனியில் அல்பிரட் ஹவுப்மன் பீனோபார்பிற்றோன் என்னும் மருந்தின் பயனைக் கண்டார். அது புரோமைட்டினும் சிறந்தது. எனினும் உறக்கந் தருவது. 1938இல் அமெரிக்கரான மெரிற், பற்னம் ஆகிய இருவரும் பெனிற்றோயினை ஆராய்ந்து, உறங்கவையாமலே வலிப்பைத் தடுக்க இயலுமெனக் காட்டினர்.

காய்ச்சலின்போது வலிப்புக் கண்ட 217 இளங்குழந்தைகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்று 1990இல் வெளியாயிற்று. ஈராண்டு முடிவில், பீனோபார்பிற்றோன் பெற்ற பிரிவினரின் நுண்ணறிவு ஈவு, போலி மருந்து பெற்ற பிரிவினரினும் சராசரியாக 8 புள்ளிகளுக்கு மேற் குறைந்திருந்தது. எனினும், விலை குறைந்த அம்மருந்து இன்றும் பல நாடுகளில் வலிப்பு நோயாளரைக் காத்து வருகிறது என்பதையும் மறத்தலாகாது.

பிற்கால மருந்துகளும் ஒரே தன்மையன அல்ல. தொப்பிராமேற்று சிலருக்குச் சொல்லெடுப்பதில் தடுமாற்றந் தரும். லெவெற்றிரசெற்றாம் நினைவை அதிகந் தீண்டாவிடினும் சிலரிடம் எரிச்சலையும் சினத்தையும் எழுப்பும். லமோற்றிரிஜின் பெரும்பாலும் அறிவை மந்தப்படுத்துவதில்லை. மருந்தின் அளவு மிகுந்தாலும், பல மருந்துகளை ஒருங்கே உட்கொண்டாலும், அளவை விரைவாக ஏற்றினாலும் இடர் பெருகும்.

அவ்வாறாயின் குளிசையை நிறுத்திவிடலாமோ? ஒருபோதும் ஆகாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு மீண்டு, இடையறாது தொடர்ந்து, உயிரையே பறிக்கக்கூடும். மௌனமாகப் பொறுத்திருப்பதும் தகாது. மந்தம் எப்போது தொடங்கிற்று, அதற்கு முன் மருந்தோ அளவோ மாற்றப்பட்டதா, எப்பாடத்தில் எவ்வாறு தடுமாறுகிறான் என்பவற்றைக் குறித்து வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். அவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்றலாம். காரணம் வேறெனவுங் காணலாம்.

நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவமென வள்ளுவர் வகுத்தார். வலிப்புற்ற பிள்ளைக்கு அந்த நான்காமவர் பெற்றோரும் ஆசிரியருமே. வைத்தியர் காணாத பாடவேளையைக் காண்பவர் ஆசிரியர். அவர் பிரம்பை எடுக்குமுன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்பாராயின், அச்சிறுவன் இழந்த விரைவை மீளப் பெறவுங் கூடும்.