உவமைகளை அன்றாட வாழ்வில் பிரயோகித்தல்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கிறிஸ்தவ பாடத்திற்குத் தோற்றும் மாணவர்களுக்கு உவமைகள் பற்றிய வினா என்றால் ஒரு துணிவு உண்டு. கதை தெரியும். ஞாயிறு பாடசாலைக் காலத்திலிருந்தே தெரியும். ஆகவே கதையை ஒரு பக்கத்துக்கு நீட்டி எழுதிவிட்டு, "இதுபோல் நாமும் பிறரை மன்னித்து, உதவி செய்து வாழ வேண்டும்" என்று இறுதியில் ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். ஆனால் "இவ்வுவமையின் போதனையை உமது அன்றாட வாழ்வில் எவ்வாறு பிரயோகிப்பீர்?" என்று கேட்கும்போது, பரீட்சகர் தேடுவது அந்தக் கடைசி வரிக்குள் இருக்க வேண்டிய விடயத்தையே. கதை அவருக்கும் தெரியும்.

மாணவர்களே, பிரயோகம் என்பது கதையின் வாலில் ஒட்டும் புத்திமதி அன்று. அது என்னவென்று விளங்கிக்கொள்ள, இயேசுவின் உவமைகளுக்கு முன்னர் பழைய ஏற்பாட்டிலுள்ள ஒரு கதையைப் பார்ப்போம்.

தாவீது அரசன் உரியாவின் மனைவியைத் தனதாக்கிக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகும்படி செய்தான். இதனைக் கண்டிக்க வந்த நாத்தான் தீர்க்கதரிசி நேரடியாகக் குற்றஞ்சாட்டவில்லை. ஏராளமான மந்தைகளுள்ள பணக்காரன் ஒருவன், தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்காக, ஓர் ஏழை பிள்ளைபோல் வளர்த்த ஒரேயொரு ஆட்டுக்குட்டியைப் பறித்துச் சமைத்தான் என்று கதை சொன்னார். தாவீது கொதித்தெழுந்து, அப்படிச் செய்தவன் சாவுக்குரியவன் எனத் தீர்ப்பளித்தான். அந்த மனிதன் வேறு யாருமல்ல, அரசனே என்று நாத்தான் அப்போதுதான் சொன்னார் (2 சாமுவேல் 12).

உவமை செய்யும் வேலை இதுவே. கேட்பவரின் வாயாலேயே தீர்ப்பைச் சொல்ல வைத்து, அத்தீர்ப்பை அவர் பக்கமே திருப்பிவிடுகிறது. 'உவமை' என்பதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'பரபொலே'. ஒன்றின் அருகே மற்றொன்றை வைத்தல் என்பது அதன் பொருள். கதையின் அருகே வைக்கப்படுவது நமது வாழ்வு. எனவே ஓர் உவமையைப் படிக்கும்போது, அது யாருக்குச் சொல்லப்பட்டது, எந்த இடத்தில் கேட்பவருக்குக் குத்தியது, அந்த இடத்தில் நான் யாராக நிற்கிறேன் என்று பாருங்கள். மூன்றாவதற்குக் கிடைக்கும் விடைதான் பிரயோகம்.

மன்னிக்காத ஊழியனின் உவமையை (மத்தேயு 18:21-35) எடுத்துக்கொள்வோம். இது மத்தேயுவில் மாத்திரம் உள்ளது. எனக்கு எதிராகக் குற்றஞ்செய்யும் சகோதரனை எத்தனை தரம் மன்னிப்பது, ஏழு தரமா என்று பேதுரு கேட்டதற்கு விடையாக இயேசு இதைச் சொன்னார். ஓர் ஊழியன் அரசனுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். தவணை கேட்டுக் கெஞ்சினான். அரசனோ தவணை கொடுக்காமல் கடன் முழுவதையுமே தள்ளுபடி செய்தார். வெளியே வந்த அவன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டியிருந்த சக ஊழியனின் கழுத்தைப் பிடித்தான். அவனும் ஏறத்தாழ அதே சொற்களில் கெஞ்சினான். இவன் இரங்கவில்லை, அவனைச் சிறையில் போட்டான்.

இங்கே கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு தெனாரியம் என்பது கூலியாள் ஒருவரின் ஒரு நாட்கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்பவர் ஒரு தாலந்து உழைக்க 20 ஆண்டுகள் வேண்டும். பத்தாயிரம் தாலந்து என்றால் 6 கோடி தெனாரியம். அதை உழைக்க இரண்டு இலட்சம் ஆண்டுகள் வேண்டும். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவின் வருட வருமானம் 200 தாலந்து என யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியுள்ளார். அப்படியானால் இந்த ஊழியனின் கடன், இயேசு வாழ்ந்த பிரதேசத்தின் ஐம்பது வருட வருமானத்துக்குச் சமன். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். தவணை தந்தால் கட்டிவிடுவேன் என்று அவன் சொன்னது அவர்களுக்கு இன்னும் வேடிக்கையாக இருந்திருக்கும்.

பெரும்பாலான வழிகாட்டி நூல்கள் பெரிய தொகையை விளக்கிவிட்டு, சிறிய தொகையை 'அற்பக் கடன்' என்று தாண்டிச் சென்றுவிடுகின்றன. அது சரியன்று. நூறு தெனாரியம் என்பது நூறு நாட்கூலி. கூலி வேலைக்குப் போகும் தகப்பனுள்ள வீட்டில் மூன்று மாதத்துக்கு மேலான வருமானம். அதை இழந்தால் வலிக்கும். நமக்கு எதிராகச் செய்யப்பட்ட பிழை ஒன்றுமேயில்லை என்று இயேசு சொல்லவில்லை. அது நிஜமான கடன்தான். ஆனால் கடவுள் நமக்கு மன்னித்ததன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஆறு இலட்சத்தில் ஒரு பங்கு என்கிறார். (அந்தப் பெரிய கடனைப் பெற்றோருக்கு நாம் பட்ட நன்றிக்கடன் என்று சில மாணவர் எழுதுவதுண்டு. நல்ல எண்ணம்தான், ஆயினும் இவ்வுவமையின் பொருள் அதுவன்று.)

இப்போது வாழ்வுக்கு வருவோம். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உங்கள் கடந்தகால வினாத்தாள் புத்தகத்தை இரவல் வாங்கிய நண்பன் தொலைத்துவிட்டான். நீங்கள் அவனுடன் பேசுவதை நிறுத்தியதோடு, மற்றவர்களுக்கும் சொல்லி வகுப்பில் அவனைத் தனிமைப்படுத்துகிறீர்கள். கழுத்தைப் பிடிப்பது கையால் மட்டும் நடப்பதல்ல. "பிறரை மன்னிக்க வேண்டும்" என்ற வரியை விட, இப்படி ஒரு சந்தர்ப்பத்தை எழுதி, அதில் நீங்கள் அந்த ஊழியனாக நிற்பதைக் காட்டி, இனி என்ன செய்வீர்கள் என்று எழுதினால் அது பிரயோகம்.

இவ்வுவமையைப் பற்றி முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. "மன்னிக்கச் சொல்லியிருக்கிறது, ஆகவே வாயை மூடிக்கொண்டிரு" என்று அடிபடும் பிள்ளைகளிடமும், பெரியவர்களால் துன்புறுத்தப்படும் பிள்ளைகளிடமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதே பதினெட்டாம் அதிகாரத்தை முழுமையாக வாசிக்க வேண்டும். சிறியவர்களுக்குக் கேடு செய்பவனுக்கு, கழுத்தில் திரிகைக்கல் கட்டிக் கடலில் ஆழ்த்தப்படுவது மேலாயிருக்கும் என்ற கடுமையான எச்சரிக்கை அதன் தொடக்கத்திலேயே உள்ளது. தவறு செய்தவனிடம் தவறை எடுத்துச் சொல், கேளாவிட்டால் சாட்சிகளோடு போ, பின்பு சபைக்கு அறிவி என்ற ஒழுங்கும் உவமைக்குச் சற்று முன்னே வருகிறது. உவமைக்குள்ளேயும் பாருங்கள்: நடந்ததைக் கண்ட சக ஊழியர்கள் மிகவும் துக்கப்பட்டுப் போய் அரசனிடம் அறிவித்தார்கள். கதையில் அவர்களை யாரும் கண்டிக்கவில்லை. எனவே மன்னிப்பு என்பது மறைப்பு அல்ல. உங்களுக்கோ உங்கள் தோழிக்கோ அப்படியொரு துன்பம் இருந்தால், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கமும் அதற்காகவே உள்ளது.

அடுத்து நல்ல சமாரியன் (லூக்கா 10:25-37). இது எல்லோரும் எழுதும் உவமை. எல்லோரும் ஒரேமாதிரி எழுதும் உவமையும் இதுவே. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் பாதை ஏறத்தாழ 27 கிலோமீற்றர் நீளமானது. அத்தூரத்துக்குள் சுமார் ஆயிரம் மீற்றர் கீழிறங்குகிறது. கள்வர் பதுங்க வசதியான, வெறிச்சோடிய மலைப்பாதை. ஆசாரியன் பிணத்தைத் தொட்டுத் தீட்டுப்பட்டால் ஆலய ஊழியம் செய்ய முடியாது, ஆகவேதான் விலகிப் போனான் என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. ஆனால் அவன் அவ்வழியே இறங்கிப் போனான் என்கிறார் லூக்கா. எருசலேமை விட்டு வந்துகொண்டிருந்தவனுக்கு அந்தச் சாட்டு அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

இவ்வுவமையைக் கேட்டவர் ஒரு யூத நியாயசாஸ்திரி. சமாரியர் என்றாலே அவருக்கு ஆகாது. முடிவில், யார் அயலானாக நடந்துகொண்டான் என்று இயேசு கேட்டபோது, 'சமாரியன்' என்ற சொல்லை அவர் உச்சரிக்கவேயில்லை. இரக்கம் காட்டியவன் என்று சுற்றி வளைத்தே சொன்னார். கதை அவருக்குக் குத்திய இடம் அது. தெருவில் விழுந்துகிடந்த யூதனின் இடத்தில் அவர் தம்மை வைத்துப் பார்த்திருந்தால், தாம் வெறுக்கும் ஒருவனின் கையால் எண்ணெயும் திராட்சரசமும் பூசிக்கொள்ள நேர்ந்திருக்கும்.

ஆகவே, "வீதியில் விபத்துக்குள்ளானவருக்கு உதவுவேன்" என்று எழுதுவதுடன் நிறுத்த வேண்டாம். உங்களுக்குச் சமாரியன் யார் என்று கேளுங்கள். மொழி வேறு, மதம் வேறு, சாதி வேறு என்று உங்கள் வீட்டில் தாழ்த்தியோ பயந்தோ பேசப்படுபவர் யார்? 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது, கரையோரத்தில் சோற்றுப் பொதியும் உடுப்பும் கொண்டுவந்தவர்களில் வேற்று இனத்தவரும் வேற்று மதத்தவரும் இருந்தனர். பெற்றவர்களில் பலர் அதை இன்றும் சொல்வார்கள். உதவி செய்வதிலும் பார்க்க, உதவியைப் பெற்றுக்கொண்டு அவரை அயலவர் என்று ஏற்பது சில வேளை கடினமானது. பரீட்சை விடையில் இந்த இடத்தைத் தொடுபவர்கள் மிகச் சிலரே.

திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையும் (மத்தேயு 20:1-16) மத்தேயுவுக்கே உரியது. விடியற்காலையில் வந்தவருக்கும், மாலையில் ஒரு மணித்தியாலம் மட்டும் வேலை செய்தவருக்கும் ஒரே தெனாரியம். இது அநியாயம் என்று வகுப்பில் எப்போதும் யாராவது சொல்வார்கள். அப்படிச் சொல்பவர் கதைக்குள் வந்துவிட்டார். காலையில் வந்த வேலையாளின் இடத்தில் நிற்கிறார். பிந்தி வந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். தங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்களுடைய விடை. வேலை கிடைக்காத நாளிலும் வீட்டில் பிள்ளைகளுக்குப் பசிக்கும். ஒரு தெனாரியம் என்பது அன்றைய சாப்பாடு. மலையகத்து மாணவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கொழுந்தின் நிறை குறைந்த நாளில் அரைப்பேர் என்றால், அடுப்பில் என்ன குறையும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆயினும் கூலியை முதலாளி இஷ்டப்படி தீர்மானிக்கலாம் என்று இதிலிருந்து எழுதிவிடக் கூடாது. முதலில் வந்தவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு சதமும் குறையவில்லை. இரக்கம் கூட்டிக் கொடுக்கத்தான் பயன்பட்டது. பாடசாலையில் இது எங்கே வருகிறது? நடுத் தவணையில் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த மாணவிக்கு ஆசிரியர் மாலையில் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது, "எங்களுக்கு அப்படிச் செய்யவில்லையே" என்று முணுமுணுப்பதில் வருகிறது.

தாலந்துகளின் உவமைக்கு (மத்தேயு 25:14-30) ஒரு குறிப்புப் போதும். 'திறமை' என்ற கருத்தில் நாம் வழங்கும் 'ரலன்ட்' என்ற ஆங்கிலச் சொல் இந்த உவமையிலிருந்தே அக்கருத்தைப் பெற்றது. "எனக்கு ஒரு தாலந்துதான்" என்று ஒதுங்கும் மாணவர்கள் மேலே செய்த கணக்கை நினைவில் வைத்திருங்கள்: அது இருபது ஆண்டு உழைப்பின் பெறுமதி. புதைத்தவனுக்குக் கிடைத்தது குறைவான தொகை அன்று. அவன் எசமானைக் கண்டு பயந்தான். கணித பாடத்தில் சித்தியடையமாட்டேன் என்று பயந்து வினாத்தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வருபவரின் பயமும் இதே வகைதான்.

இனி நீங்களே ஒன்றைச் செய்து பாருங்கள். லூக்கா 15:11-32 இல் வரும் கெட்டுப்போன மகனின் உவமையில், மூத்த மகன் விருந்துக்கு உள்ளே வர மறுக்கிறான். தகப்பனோடு பேசும்போது அவன் 'தம்பி' என்று சொல்லவில்லை, தகப்பனுடைய மகன் என்றே குறிப்பிடுகிறான். தகப்பன் தம் பதிலில் அவனைச் சகோதரன் என்று திருத்துகிறார். மூத்தவன் பின்பு உள்ளே போனானா இல்லையா என்று லூக்கா எழுதவில்லை. இதனை, சென்ற முறை பரீட்சையில் சித்தியடையாமல் இம்முறை மீண்டும் தோற்றும் அண்ணன் அல்லது அக்கா இருக்கும் ஒரு வீட்டோடு தொடர்புபடுத்தி, அவ்வீட்டில் வாசலில் நிற்பவர் யார், உள்ளே போவதற்கு அவர் எதை விட வேண்டியிருக்கும் என்று அரைப் பக்கத்தில் எழுதுக. கதையைத் திரும்ப எழுத வேண்டாம்.