கைபேசிக்குள் ஒரு வானொலி!



2018 நவம்பர் 16. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த நாள். அப்போது எனக்கு வயது பதினொன்று. எங்கள் ஊரில் தென்னை சாய்ந்தது, கரண்ட் கம்பம் சாய்ந்தது, செல்போன் டவரும் நின்றுபோனது. திருப்பூரில் வேலை பார்த்த அப்பாவுக்கு நாங்கள் நலம் என்று சொல்லக்கூட வழியில்லை. அன்று எங்கள் தெருவுக்கே வெளியுலகச் செய்தி சொன்னது தாத்தாவின் பட்டன் போன்தான்! ஒரு பக்கம் அறுந்த இயர்போனை அதில் செருகி, ஸ்பீக்கரில் எஃப்.எம். செய்தி வைப்பார். திண்ணையைச் சுற்றி இருபது பேர் நிற்போம்.

"யாருமே காதுல மாட்டலியே, அப்புறம் எதுக்குத் தாத்தா வயரு?" என்று கேட்டேன்.

"அது இல்லேன்னா பேசாதுடா" என்றார்.

ஏன் பேசாது? அவருக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டில்தான் எனக்கு விடை கிடைத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வயரே ஆன்டெனா

நம் நாட்டில் எஃப்.எம். ஒலிபரப்பு ஏறத்தாழ 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நடக்கிறது. நடுவில் 100 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். ரேடியோ அலையின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். வகுத்துப் பார்த்தால் அலைநீளம் 3 மீட்டர். கால் பங்கு அலைநீளக் கம்பி அலையை நன்றாக வாங்கும் என்று படித்தோமல்லவா? அந்தக் கால் பங்கு 75 சென்டிமீட்டர்! உள்ளங்கை அளவு போனுக்குள் அதை எங்கே வைப்பது? ஆகவேதான் வெளியே தொங்கும் இயர்போன் வயரையே ஆன்டெனா ஆக்கிவிட்டார்கள். ப்ளூடூத் இயர்போனை மாட்டினால் இந்த வேலை நடக்காது. வயர் இல்லையே!

ஒரே வயர், இரண்டு வேலை

அதே வயரில் பாட்டு வெளியே போகிறது, ரேடியோ அலை உள்ளே வருகிறது. இரண்டும் குழம்பாதா? குழம்பாது. வயரின் பொதுக் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு சிறிய இண்டக்டர் வைக்கிறார்கள். 270 நானோஹென்றி என்று வைத்துக்கொண்டு, 2 × பை × அதிர்வெண் × இண்டக்டன்ஸ் என்ற நம் சூத்திரத்தைப் போடுங்கள். 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 170 ஓம் வரும். 1 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கு ஒரு ஓமில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட வராது. பாட்டுக்குத் திறந்த கதவு, ரேடியோ அலைக்கு மூடிய கதவு! கிரவுண்டுக்குள் ஓட முடியாத அலை, டியூனர் சிப்புக்குப் போகிறது. சிப் அதைப் பெருக்கி, நமக்கு வேண்டிய நிலையத்தைப் பிரித்து, ஒலியாக மாற்றித் தருகிறது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த சூத்திரம் தாத்தாவின் போனுக்குள் இருப்பதை அன்றுதான் கண்டேன்!

ஆப் வேறு, எஃப்.எம். வேறு

"ஆப்புல கேட்டா ஆச்சு" என்பார்கள் சிலர். ஆப்பில் வருவது இன்டர்நெட் வழி. நொடிக்கு 64 கிலோபிட் என்றாலும் ஒரு மணிக்கு ஏறக்குறைய 29 மெகாபைட் டேட்டா போய்விடும். டவர் இல்லையென்றால் அதுவும் ஊமை. எஃப்.எம்.முக்கு டேட்டா வேண்டாம், சிம் கூட வேண்டாம். எங்கோ ஒரு டிரான்ஸ்மிட்டர் ஜெனரேட்டரில் ஓடினால் போதும், சுற்றிலும் பல கிலோமீட்டருக்குக் கேட்கும்.

இருந்தும் இல்லாத நிலை

படிப்புக்காக அப்பா தவணையில் எனக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கித் தந்தார். தாத்தா ஆசையாக இயர்போனைச் செருகிப் பார்த்தார். எஃப்.எம். இல்லை! "இம்மாம் பெரிய போன்ல ரேடியோ இல்லியா?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வைஃபை, ப்ளூடூத் தரும் பல சிப்புகளுக்குள்ளேயே எஃப்.எம். ரிசீவரும் இருக்கிறது. ஆனால் ஆன்டெனா பாதையை இணைக்காமலோ, மென்பொருளைத் தராமலோ விட்டுவிட்டால் அது தூங்கும் சிப்தான். 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், போன்களில் எஃப்.எம். வசதியை முடக்காமல் வைத்திருக்கும்படி தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. அது வெறும் பாட்டுக்காக அல்ல, பேரிடர்க் காலச் செய்திக்காகவும்தான்.

நண்பர்களே! இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். சிம்மைக் கழற்றி, வைஃபையை அணைத்து, வயர் இயர்போனைச் செருகி, போனிலேயே வந்த எஃப்.எம். ரேடியோவைத் திறந்து தேடச் சொல்லுங்கள். நிலையம் கிடைத்தால் உங்கள் கையில் உண்மையான வானொலி இருக்கிறது. கிடைக்காவிட்டால் பழைய பட்டன் போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த போன் வாங்கும்போது கேமராவைக் கேட்பதற்கு முன், "எஃப்.எம். இருக்கா?" என்று கேளுங்கள்.

தாத்தாவின் பட்டன் போன் இன்றும் எங்கள் வீட்டு மாடத்தில் சார்ஜோடு இருக்கிறது. கூடவே அந்த ஒற்றைக் காது இயர்போனும்!